ஐப்பசி வெளியீடுகள்

முதலில் கெட்ட செய்தி.
கடதாசி விலை மறுபடி ஏறிவிட்டது.
நான்கு என்று சொல்லியிருந்தோம், மூன்றுதான் வருகிறது.
நான்காவது
பஸ்மினாவின் மடிக்கணினிக்குள் அட்டைப்படத்தோடு இருக்கிறது,
பெட்டி கட்டி முடித்தும்
விசா வராத ஆளைப் போல.

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய
சவிரிமுத்து குரூஸின் நாட்குறிப்பு முதலாவது.
இருபத்தொரு வருடம்
கொழும்பை மேலேயிருந்து பார்த்தவர்.
காற்று எந்தப் பக்கம், கப்பலின் பெயர்,
மத்தியானம் என்ன கறி:
மூன்றுக்கு மேல் ஒருநாளும் எழுதியதில்லை.
எண்பத்து மூன்று ஜூலையில்
ஆறு நாட்களுக்குக் காற்று மட்டும்.
அடிக்குறிப்புப் போடலாமா என்று கேட்டோம்.
அப்பா எழுதின அளவே போதும் என்றார் மகள்.

இரண்டாவது, சிங்களத்திலிருந்து எட்டுக் கதைகள்.
'அனே' என்ற ஒரு சொல்லில்
மொழிபெயர்ப்பாளரும் நாங்களும்
மூன்று கிழமை நின்றோம்.
'ஐயோ' கனம். 'அடடா' பொய்.
அனே என்றே விட்டுவிட்டோம்.
நூறாம் நம்பர் பஸ்ஸில் தினமும் கேட்கிறதுதானே.

மூன்றாவதைப் பற்றித்தான்
கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

யோகமலர் பம்பலப்பிட்டியில் ஒரு பாமசியில் காசாளர்.
ஊர் பொகவந்தலாவை.
'மாத்திரை வெட்டும் கத்தரிக்கோல்',
அறுபத்து நாலு பக்கம், முன்னூறு பிரதி.
மருதானையிலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கியபோது
முப்பத்தேழாம் பக்கம் வெள்ளையாக இருந்தது.
முன்னூறிலும்.

அச்சகத்துக்குப் போன் எடுத்தோம்.
சுனிமல் தமிழ் வாசிக்கமாட்டார்.
"கண்டேன்" என்றார்.
"உங்கள் கவிதைகளில் எப்பவும் வெள்ளைதானே அதிகம்,
இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்தேன்."
கோபப்பட முடியவில்லை.
சில விமர்சகர்கள்
இதைவிடக் குறைவாகத்தான் கவனிக்கிறார்கள்.

மறு அச்சுக்குக் காசில்லை.
வேலை முடிந்து எட்டரைக்கு வந்தார் யோகமலர்,
மருந்துக் கம்பனிகளின் பெயர் போட்ட
ஆறு இலவசப் பேனைகளோடு.
பதினொரு இரவு.
ரயில் போகும்போதெல்லாம் மேசை நடுங்கும்.
பேனையை உயர்த்திப் பிடித்து,
காலி வரைக்கும் அதைப் போகவிட்டு, எழுதுவார்.
மை காய்வதற்கு
பஸ்மினா மின்விசிறியைத் திருப்பிவைப்பாள்.
நான் எண்ணினேன்.

கவிதை சின்னது.
ஒரு மனிதர் பிரஷர் மாத்திரை ஒரு கார்டு கேட்கிறார்,
விலை கேட்கிறார்,
பிறகு இரண்டு வெட்டித் தரச் சொல்கிறார்.

நாற்பதாவது பிரதியில் இரண்டு ஒன்றானது.
பிழை என்று நினைத்துக் காட்டினேன்.
"இண்டைக்கு வந்தவர் ஒன்றுதான் வாங்கினார்" என்றார்
தலை நிமிராமல்.
நூற்றுப் பதினாறில் மனிதர் இல்லை,
பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை
உள்ளங்கையில் காசை விரித்துக் காட்டுகிறது.
இருநூறு தாண்டியதும் விலை மட்டும்,
வரிக்கு வரி விலை.
இருநூற்று எழுபத்தொன்றில்
காசாளர் முழுக் கார்டையும் நீட்டிவிட்டு
தன் பணத்தை லாச்சியில் போடுகிறாள்.
இது நடந்ததா என்று நான் கேட்கவில்லை.
இருநூற்று எழுபத்திரண்டில்
மறுபடி வெட்டுகிறாள்.

ஆகவே வாசகர்களுக்கு:
இன்ன பிரதிதான் வேண்டும் என்று அழைக்க வேண்டாம்.
கைக்கு வருவது உங்களுடையது.
தெஹிவளையில் ஒருவர் முன்கூட்டியே இரண்டு வாங்கி
எது சரி என்று சண்டைக்கு வந்தார். சந்தோஷம்.

சுவடிகள் திணைக்களத்துக்குச் சட்டப்படி
ஒரு பிரதி போகவேண்டும்.
பஸ்மினா எழுபத்தொன்றை அனுப்பு என்கிறாள்.
யோகமலர் எழுபத்திரண்டைத்தான் என்கிறார்.
கடித உறை
இரண்டு நாளாக என் மேசையில் வாய் திறந்தபடி கிடக்கிறது.

வெளியீடு ஞாயிறு நாலரைக்கு, எங்கள் அறையிலேயே,
வெள்ளவத்தையில் கடல் பக்க ஒழுங்கை,
தையல் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
லிப்ட் இல்லை. கதிரை பதினான்கு.
சுனிமலும் வருகிறார்,
அந்தப் பக்கத்தை யாராவது
தனக்கு வாசித்துக் காட்டவேண்டுமாம்.
விலை அறுநூறு.
சில்லறையோடு வாருங்கள்.