தொண்ணூற்றாறில் இருபத்தாறு

ஐந்து ரோட்டுப் பக்கம், மருத்துவமனையின் நான்காம் மாடி.
பழைய ஸ்கேன் உறை ஒன்றின் பின்பக்கத்தில்
நான்கு பெட்டிகள் வரைகிறேன்.
பெட்டிக்கு ஆறு டிஸ்க். டிஸ்க்குக்கு நான்கு டெராபைட்.
இதுவரை பள்ளிக்கூடத்துப் பெருக்கல்தான்.
ஜன்னலில் சேர்வராயன் மலை
பாதிக்கு மேல் மேகத்துக்குள் போய்விட்டது.
அந்தப் பாதி இன்னும் இருக்கிறதா என்று
யாரும் சரிபார்ப்பதில்லை.

கணக்குப் பிரிவு குப்புராஜ் சார்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்கிறார்:
"தொண்ணூத்தாறுக்குக் காசு கட்டியாச்சு.
நீ குடுத்த தாள்ல இருபத்தாறுன்னு இருக்கு.
மிச்சம் எழுபதை யாரும்மா தின்னது?"

அவர் வீட்டில் செவ்வாய்பேட்டை வெள்ளி வியாபாரம்.
பதிலையும் அவரே எடுத்துக் கொடுக்கிறார்:
"சேதாரமா?"

சேதாரம் இல்லை சார்.
சேதாரம் உருக்கும்போதே போய்விடும்.
இது,
மற்றது போகாமல் இருக்க உட்கார்ந்திருப்பது.

ஓமலூரிலிருந்து வந்த ஒருவரின் நுரையீரல்
முதல் பெட்டியில் இருக்கும்.
மூன்றாவதில் இருக்கும்.
நான்காவதிலும் இருக்கும்.
ஒரு பெட்டி முழுசாகச் செத்து,
அதே ராத்திரி இன்னொரு பெட்டியில் ஒரு டிஸ்க்கும் போனாலும்
காலையில் டாக்டர் அந்தப் படத்தைத் திறப்பார்.
ராத்திரி நடந்ததைப் பற்றி
படம் வாயைத் திறக்காது.

"அப்படிப் பார்த்தாலும் மூணுல ஒண்ணு முப்பத்திரண்டு ஆச்சே."
விடமாட்டார்.
பெட்டிக்கு ஒரு டிஸ்க் அளவை
எந்த வால்யூமுக்கும் தரவில்லை சார்.
"சும்மாவா?"
சும்மா.
ஒன்று போனால் மாற்று டிஸ்க்
சென்னையிலிருந்து வர நாலு நாள்.
நாலு நாளும் மூன்று இடத்தில் இருக்க வேண்டியது
இரண்டே இடத்தில் நடுங்கிக்கொண்டிருக்கக் கூடாது.
"வாடகைக்கு விடாத ரூம்," என்று எழுதிக்கொள்கிறார்,
பென்சிலால்.

பெட்டிக்கு ஒன்றாக நான்கு வால்யூம், ஆறரை ஆறரையாக.
ஒன்று இரண்டு என்று பேர் வைத்தால்
ராத்திரி இரண்டு மணி போனில் மூன்று என்றே கேட்கும்.
ஆகவே
அம்மாபேட்டை, சூரமங்கலம், கிச்சிப்பாளையம், பொன்னம்மாபேட்டை.
கடைசியை அடித்துவிட்டு அஸ்தம்பட்டி என்று எழுதினேன்.
அரைத் தூக்கத்தில் யாராவது
பொன்னம்மாவில் பொன்னை விழுங்கிவிட்டால்
தப்பான பேட்டை காலியாகிவிடும்.

கணக்கு நின்றது.
இருபத்தாறு மூன்று எழுபத்தெட்டு,
ஒதுக்கியது பதினாறு,
ஓரத்தில் இரண்டு சில்லறை.
உறையை எட்டப் பிடித்துப் பார்த்தேன்.
அழகாகக்கூட இருந்தது.

வயர்மேன் ஜெகவீரன் ஏணியோடு உள்ளே வந்தான்.
டிரில்லைக் கீழே வைத்தான்,
என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.
"மேடம், இந்த நாலும்
கீழ இருக்கிற அந்த ஒத்தை யுபிஎஸ்லதானே சொருகப் போறோம்?"

படத்தில் நான் வயரே வரையவில்லை.

ஒருவர் நுரையீரலின் மூன்று பிரதிகளும்
ஒரே பிளக்கைப் பிடித்துக்கொண்டு
அந்தரத்தில் தொங்கின.
ஒதுக்கிவைத்த காலி இடமும் கூடத் தொங்கியது.
நல்ல பேர் வைத்த பேட்டைகள் நான்கும்.

குப்புராஜ் சார் என்னைப் பார்க்கவில்லை,
அதற்காக அவருக்கு நன்றி.
பென்சிலைத் திருப்பி ரப்பர் பக்கத்தைத் தாளில் வைத்தார்.
"இன்னொரு யுபிஎஸ் எவ்வளவு ஆகும்?"

ஒவ்வொரு பெட்டிக்கும் முதுகில் இரண்டு வால் உண்டு.
இரண்டையும் ஒரே சுவரில் சொருகினால்
ஒன்று வெறும் அலங்காரம்.
இது எனக்குத் தெரியும்.
தெரிந்ததை எங்கே எழுதிவைத்தேன் என்பதுதான் தெரியவில்லை.

ஜெகவீரன் ஏணி மேல் ஏறிவிட்டான்.
சுண்ணாம்புத் தூள் உறைமேல் உதிர்கிறது.
நான் வேறு உறை எடுக்கிறேன்.
முதலில் வயர்.