பெயர் இல்லை

புதன்தோறும் பின்னிரவு இரண்டு மணிக்கு
எங்கள் சர்வர் பிள்ளை பெறும்.
ஒரே ஈற்றில் நாலாயிரம் பேர்,
எல்லாருக்கும் வயது பதினேழு,
எல்லாரும் ஐஸ் ஹாக்கி ஆடத் தெரிந்தே பிறக்கிறார்கள்.
வேகம், குறி, தாக்குப்பிடித்தல்
இருபதுக்கு இத்தனையென்று எந்திரமே போட்டுவிடும்.
பேர் வைப்பது மட்டும் என் பாடு.

பகல் பன்னிரண்டுக்கான மணியைப்
பதினொன்றுக்கே அடிக்கும் தேவாலயம் உள்ள ஊர், பிர்னோ.
இங்கே தப்பான நேரத்துக்கும்
பல நூறு வருஷத்து மரியாதை உண்டு.
எனக்கு அந்தச் சலுகை கிடையாது.

ரெய்க்யாவிக்கிலிருந்து ஒருவர் எழுதினார்:
"என் தடுப்பாட்டக்காரன் நூற்றுப்பத்து கிலோ, தாடி வேறு.
அவனை குத்ருனின் மகள் என்று போட்டிருக்கிறீர்கள்."
திருத்தினேன்.
தாம்பெரேக்காரர் ஒருவர்:
"இந்தப் பேரில் எங்களூரில் மிச்சமிருப்பவர்கள்
எல்லாரும் பென்ஷன் வாங்குகிறார்கள்."
ஒவ்வொரு பேருக்கும் பிறந்த வருஷம் பார்த்து எடை போட்டேன்.
எங்கள் செக் பையன்களிலேயே பாதிப் பேருக்குப்
பெண்பால் விகுதி ஒட்டியிருந்ததை
ஹினெக்தான் கண்டுபிடித்தான்.
அன்று முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தான்.

மங்கோலியப் பட்டியல் மார்ச்சில் வந்தது.
ஜூனில்தான் அதைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன்,
கடைவாய்ப் பல்வலியோடு.
பேருக்குப் பக்கத்தில் பொருள் என்றொரு பத்தி.
எஃகு, இரும்பு, நிலைத்த மகிழ்ச்சி
என்று போய்க்கொண்டிருந்தது.
நூற்றி நாற்பதாம் வரி:
நெர்குயி. பொருள், பெயர் இல்லை.
யாரோ நிரப்பாமல் விட்ட கட்டம் என்று நினைத்தேன்.
இரண்டு வரி தள்ளி
ஹூன்பிஷ். பொருள், மனிதன் இல்லை.
இது யாரோ செய்த குறும்பு.
இரண்டையும் அழித்தேன்.
அந்தப் பேர்களில் ஆடிக்கொண்டிருந்த முப்பத்தொரு பேருக்கு
எந்திரம் வேறு பேர் கொடுத்தது.
ஒரு நொடிகூட ஆகவில்லை.

எர்தெனெட்டில்
செம்புச் சுரங்கத்து லாரி ஓட்டும் செந்த்-ஆயுஷ்
ஷிப்ட் முடிந்த கையோடு எழுதியிருந்தார்:

"நாலு சீசனாக என் வலையைக் காத்தவனைக் காணோம்.
அவன் இடத்தில் பாத்பாயர் என்று ஒருத்தன் நிற்கிறான்.
அதே எண், அதே கையுறை,
இடதுபக்கம் தாழ்ந்து வரும் அடிக்கு அதே தடுமாற்றம்.
இவன் யார்?
நெர்குயி என்பது பேர்தான்.
அடுத்தடுத்துப் பிள்ளை தவறிய வீட்டில்
மிஞ்சவேண்டிய பிள்ளைக்கு அப்படி வைப்போம்.
கெட்டது எதுவும் தேடிக்கொண்டு வந்தால்
இங்கே பேருள்ள ஆள் யாருமில்லை என்று திரும்பிவிடும்.
என் மாமா ஒரு நெர்குயி. போன மாதம் அறுபது முடிந்தது.
ஹூன்பிஷையும் எடுத்திருப்பீர்களே, பாருங்கள்."

பார்த்தேன்.

வாசல்வரை வந்த சாவு
கட்டம் காலியென்று நம்பிப் போய்விட்டது.
அதே காலிக் கட்டத்தை நம்பித்தான்
நான் உள்ளே புகுந்து ஆளைத் தூக்கினேன்.

முப்பத்தொரு பேருக்கும் பழைய பேரைத் திருப்பிக் கொடுத்தேன்.
மன்னிப்புக்கென்று கம்பெனியில் ஒரு வாசகம் வைத்திருக்கிறோம்.
அதை அனுப்பவில்லை. மாமா நலமா என்று கேட்டேன்.
"நலம்," என்று வந்தது.
"கோல்கீப்பருக்குத்தான் மனசு சரியில்லை போல.
நேற்று ஐந்து விட்டுவிட்டான்."

அடுத்த புதன் பிறந்தவர்களில்
ஹூன்பிஷின் மகன் நெர்குயி என்று ஒருவன்.
மனிதனில்லாதவனுக்குப் பெயரில்லாத பிள்ளை.
இடது ஓரம். குறி வெறும் நாலு.
தாக்குப்பிடித்தல் பத்தொன்பது.
இன்னும் எந்த அணியும் எடுக்கவில்லை.

இப்போதும் இரவில் பிழைப் பதிவேட்டில்
பெயர் இல்லை, பெயர் இல்லை என்று
சிவப்பில் வரிகள் ஓடும்.
பாதிக்கு மேல் நிஜமான ஓட்டைகள்.
ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன்.
"பிழையா?" என்கிறான் ஹினெக்
கோட்டை மாட்டிக்கொண்டே, கடைசி டிராமுக்கு நேரமாகி.
"இரு," என்கிறேன்.
"ஆளாக இருக்கலாம்."