காணிக்கை எண்ணும் அறை

தனியாக எண்ணக் கூடாது என்பது எங்கள் சபை விதி.
ஆகவே ஞாயிறு பதினொன்றே முக்காலுக்கு
நானும் ஆர்ஃபா லிண்ட்கிரனும்
கொதிகலனுக்குப் பக்கத்து அறையில்
கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவோம்.
சில்லறை என் பக்கம், தாள்கள் அவள் பக்கம்.
இருபது டாலர் ஒன்றை மூக்கருகே கொண்டுபோய்
"இதோ" என்பாள்.
கசக்கிய எலுமிச்சை இலையும்
ஈரச் சாக்கும் சேர்ந்த நெடி.

கொலராடோவின் தென்கோடியில் எங்கள் ஊர்.
சுரங்கத்தோடு சேர்ந்து மூடிய செருப்புக்கடை,
திரையரங்கு, பழைய தபாலாபீஸ்
எல்லாம் கஞ்சாக் கடைகளாய்த்
திரும்பத் திறந்துகொண்டன,
வாசலில் பச்சைச் சிலுவை விளக்கோடு.
எங்கள் சிலுவையின் பல்பு போய் இரண்டு வருஷம்.

பெரிய வங்கிகள் அந்தக் காசைத் தொடுவதில்லை.
கடைப்பெண்ணுக்குச் சம்பளம் ரொக்கம்.
ரொக்கத்தில் பத்தில் ஒன்றை
உறையிலிட்டு, பெயரும் எழுதி,
டெல்ஃபீன் ஆர்ச்சுலேட்டா கொடுக்கிறாள்.
மாதம் தவறியதில்லை.
எரிவாயுக் கிணறு வைத்திருக்கும் சகோதரர்
பாதி மாதம் மறந்துவிடுவார்.
அவர் தாளுக்கு வாசனை கிடையாது.

மார்ச் மாதக் குழுக் கூட்டத்தில்
போதகர் அவளுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தார்:
"முதுகுவலிக்காகத்தானே, டெல்ஃபீன்?"
எல்லோரும் அந்தக் கதவையே பார்த்தோம்.
நுழைந்துவிடு, நுழைந்துவிடு என்று
நான் மனசுக்குள் தள்ளினேன்.

"வலியெல்லாம் இல்லை. சும்மாதான்.
வெள்ளி ராத்திரி, பிள்ளைகள் தூங்கினதும்,
பின்படியில் உட்கார்ந்து கொஞ்சம் இழுப்பேன்.
மலைக்கு மேலே நிலா வரும். சிரிப்பேன்.
அப்புறம் போய்ப் பாத்திரம் கழுவுவேன்."

சும்மா.
மருந்து என்றால் மன்னித்திருப்போம்,
அடிமை என்றால் ஜெபித்திருப்போம்,
இந்தச் சும்மாவை
எங்கே கொண்டுபோய் வைப்பது?

உடல் ஆலயம் என்றார் ஒருவர்,
கையில் மூன்றாவது டோனட்.
கானாவூர்க் கல்யாணத்தை எடுத்தாள் இன்னொருத்தி:
"ஆறு ஜாடி. விருந்தாளிகளில்
யாருக்கும் முதுகுவலி இருந்ததாகத் தெரியவில்லை."
சிரித்தோம்.
சிரித்திருக்கக் கூடாது.

ஹார்லன் ஃபோய்ட் எழுந்தார்.
கூட்டங்களில் வாய் திறக்காத மனிதர்.
"என் பையனும் சிரிக்கத்தான் ஆரம்பித்தான்.
இப்போது இருபத்தாறு வயது.
நிலவறை ஜன்னலுக்குப் போர்வை கட்டியிருக்கிறான்.
சுவர் பேசுகிறதாம்.
சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைப்பேன்;
நான் படியேறும் சத்தம் கேட்ட பிறகுதான்
எடுப்பான்."
உட்கார்ந்தார்.
டெல்ஃபீன் தன் கைகளைப் பார்த்தாள்.
பதிலும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

'ஒத்திவைப்பு' என்று குறிப்பேட்டில் எழுதியவன் நான்.
வீட்டுக்கு வந்து வழக்கம்போல இரண்டு பியர்.
அதை எந்தக் குறிப்பேட்டிலும் எழுதவில்லை.

ஏப்ரல் முதல் ஞாயிறு, திருவிருந்து.
எங்கள் கிண்ணத்தில் திராட்சைச் சாறுதான்.
நூறு வருஷத்துக்கு முன்
யாரோ ஒருவருடைய அப்பா குடித்துச் செத்திருக்க வேண்டும்;
இன்றுவரை எங்களுக்குச் சாறு.
நாற்பது சின்னக் கண்ணாடிக் குப்பிகள்,
தட்டு கைமாறிக் கைமாறி வரும்.
ஹார்லனுக்கு நீட்டும் முறை
டெல்ஃபீனுக்கு வாய்த்தது.

தட்டு நடுவழியில் நின்றது.
குப்பிகள் ஒன்றோடொன்று மெல்லக் கிலுகிலுத்தன,
நடுங்கியது யார் கை என்று தெரியவில்லை.
அவர் ஒன்று எடுத்துக் குடித்தார்.
பிறகு இன்னொன்றையும் எடுத்து
கோட்டுப் பைக்குள், சிந்தாமல்,
உள்ளங்கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.
அவள் தட்டை ஆட்டாமல் பிடித்திருந்தாள்,
அவர் கை பையிலிருந்து வெளியே வராதவரை.

அன்று ஆர்ஃபா எந்தத் தாளையும் முகரவில்லை.
கூரை ஒழுகும் இடத்து வாளி நிறைந்திருந்தது.
தொகை சரியாக இருந்தது.
குப்பிகளை இரண்டு தடவை எண்ணினோம்,
இரண்டு தடவையும் முப்பத்தொன்பது.
அவள் என்னைப் பார்த்தாள்.
நாற்பது என்று எழுதினேன்.
இருவரும் கையெழுத்துப் போட்டோம்.