மூன்று பொட்டு

மார்கழிக் காலை ஆறேமுக்கால்.
ஜருகுமலை அடிவாரத்துச் சுடுதளம்.
லைன்மேட்டிலிருந்து ஜீப்பில் வந்தவை:
பிஸ்டல் ஒன்று, மேகசின் மூன்று,
தோட்டா மூன்று வகை, நாற்பது நாற்பதாக,
பதிவேடு, பிளாஸ்க்கில் டீ,
என் காதுக்குப் பஞ்சு.

மேகசின்களுக்கு நெயில்பாலிஷில்
அடையாளம் வைத்திருக்கிறேன்.
ஒரு பொட்டு, இரண்டு பொட்டு, மூன்று பொட்டு.
ஜம்புலிங்கம் சிரித்தான்.
சாக்பீஸ் எண்ணெயில் அழிந்துவிடும் என்றேன்.

போன மாதம் ஏற்காட்டு மலைப்பாதையில்
பதினான்காம் கொண்டை ஊசி வளைவில்
மிளகு மூட்டையோடு ஓடியவன்மேல்
எஸ்.ஐ. மரியலூயிஸ் இரண்டு முறை விசை அழுத்தினார்.
முதல் குண்டு பாறையைச் சில்லாக்கியது.
இரண்டாவது அறைக்குள் ஏறவேயில்லை.
பாதி வழியில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.
அவன் சில்வர் ஓக் மரங்களுக்குள் போய்விட்டான்.
பெயர் விலாசம் தெரியாத நபர், வயது சுமார் இருபது.
கோப்பு என் மேசைக்கு வந்தது:
ஆயுதம் நம்பத்தக்கதா?

உருண்டை முனை, புது இருப்பு, ஒரு பொட்டு.
முப்பது சுட்டேன். முப்பதும் போனது.

உருண்டை முனை, பதினோரு வருடப் பழசு, இரண்டு பொட்டு.
பித்தளை கறுத்து, டப்பாவில் துரு வாசம்.
ஒன்று மட்டும் இருமல்போல் மெலிந்து வெடித்தது.
ஆனாலும் நாற்பதும் போனது.

தட்டை முனை, மூன்று பொட்டு.
ஆறு போனது.
ஏழாவது தொண்டையில் நின்றது.
எடுத்துவிட்டு மறுபடி நிரப்பினேன்.
மறுபடியும் ஏழில்.

"அதான் விஷயம்,
தட்டை முனை இதுக்கு ஒத்துக்கலைன்னு எழுதும்மா" என்றார்
ரிசர்வ் இன்ஸ்பெக்டர் நல்லப்பன்.
எட்டு மணிக்கு அவருக்கு வேறு ஜோலி.
நானும் பேனாவை எடுத்துவிட்டேன்.
த எழுதிய பிறகுதான் உறைத்தது:
வகைக்கொரு மேகசின் என்று
சோம்பலில் மாட்டியவள் நான்தானே.

ஒரு பொட்டில் தட்டை முனை இருபது.
இருபதும் வழுக்கிக்கொண்டு போயின.
மூன்று பொட்டில் உருண்டை முனை.
ஆறு போனது.
ஏழாவது நின்றது.

பிஸ்டல் அல்ல.
தோட்டா அல்ல.
மேகசினின் இடது உதடு
நகக்கண் அளவுகூட இல்லை, விலகியிருக்கிறது.
எந்தத் தரையில் எவர் கையிலிருந்து விழுந்ததோ.
அன்றிரவு மாட்டியிருந்தது இதுதானா?
எவரும் குறித்து வைக்கவில்லை.

குறடு என் கையில்.
இரண்டு நிமிட வேலை.
இந்த வளைந்த தகரத்தால்
ஒருவன் இன்று காலை எங்கோ
பல் விளக்கிக்கொண்டிருக்கலாம்.
கருவூல வாசலில் தனியாக இரவுக் காவல் நிற்கும்
பழனியாத்தாளுக்கும்
இதே பிஸ்டலைத்தான் கையெழுத்து வாங்கிக் கொடுக்கிறேன்.

நிமிர்த்தினேன்.

மிச்சம் உருண்டை நாலு, தட்டை ஆறு.
கலந்து போட்டேன்.
ஏழாவதுக்கு மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
அதுவும் போனது.
பத்தும் போனது.
நல்லது நடந்ததுபோல் இன்ஸ்பெக்டர் தலையாட்டினார்.
நல்லதுதான்.
கை மட்டும் கொஞ்ச நேரம் சூடாகவே இருந்தது.

சுட்டது நூற்றுப் பதினெட்டு.
மூக்கு நசுங்கிய இரண்டு பெட்டியில்.
காலி உறை நூற்றுப் பதினேழுதான் கிடைத்தது.
கணக்கு ஒப்பாமல் ஜீப் கிளம்பாது.
ஈரப் புல்லில் இன்ஸ்பெக்டர், டிரைவர், ஜம்புலிங்கம், நான்
நாலு பேரும் குனிந்து தேடுகிறோம்.

ஊருக்கு அந்தப் பக்கம்
சேர்வராயன் மலையில் மேகம் விலகுகிறது.
பாதை தெரிகிறது.
பதினான்காம் வளைவு எதுவென்று
இங்கிருந்து எண்ண முடியவில்லை.