பெரிய எழுத்தில் சம்மதம்

ஒன்பதாயிரத்து ஐநூறுக்குப் பேசி முடித்தாயிற்று.
காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியில் கணக்கெழுதும் பிளாசிட்
மகளுக்காகக் கேட்டார்.
மூடியின் கீல் ஆடுது என்று ஐநூறு குறைத்தார்.
பேட்டரி ஒன்றரை மணி நேரம்தான் நிற்கும் என்பதை
நானே சொல்லி
இன்னொரு ஐநூறு தோற்றேன்.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு
பதினொன்றுக்கு மேல்தான் வோல்டேஜ் நிற்கும்.
மாடி வீட்டு மிக்ஸி ஓய்ந்தபிறகு உட்கார்ந்தேன்.

உள்ளே நாற்பத்தோரு பெண்கள் இருக்கிறார்கள்.
வாரவட்டிக்காரன் எடுத்துப்போன ரேஷன் கார்டு பற்றி,
ஏ.டி.எம். அட்டையின் முதுகில்
அவனே எழுதிக்கொண்ட நாலு எண் பற்றி,
எழில் நகரில், நேதாஜி நகரில்,
என் ஃபோனை நடுவில் வைத்துப் பேசியவர்கள்.
பேர் மட்டும் போடாதே கண்ணு, என்றார்கள்.
பேர் இல்லாமல் எதையும் தேடி எடுக்க முடியாதென்று
பேர் போட்டே வைத்தேன்.
அந்தத் தப்புக்குத்தான் பூட்டு.

பூட்டென்றால் ஏழு வார்த்தை.
எங்கும் எழுதி வைக்கவில்லை.
வாயால் சொல்லச் சொன்னால் நாலாவதில் நின்றுவிடுவேன்.
விரல்களுக்குத் தெரியும்.
கடைசி வார்த்தை ஒரு மீன்;
அதைத் தப்பாக எழுதினால்தான் திறக்கும்.

அறிக்கைக்கு வேண்டியதை எடுத்துக் கொடுத்தாயிற்று,
எண்ணாக, சதவீதமாக.
குரல்கள்தான் மிச்சம்.
பவுனம்மா அசலைச் சொல்லிவிட்டு
வட்டியைச் சொல்ல வரும்போது
சிரித்துச் சிரித்து இருமினது,
அது எந்தச் சதவீதத்திலும் சேரவில்லை.

ஒவ்வொன்றாக அழிக்கத் தேவையில்லை.
வட்டின் முன்னோரத்தில்
சாவி படுத்திருக்கும் நகக்கண் அளவு இடத்தைச்
சிதைத்தால் போதும்.
பீரோ அப்படியே நிற்கும், துணிமணி அப்படியே,
திறப்பு என்ற ஒன்று மட்டும்
உலகத்தில் இருக்காது.

நிச்சயமா, என்று கேட்டது.
நிச்சயமென்றால் ஆமாம் என்பதைப்
பெரிய எழுத்தில் அடி, என்றது.
தமிழில் பெரிய எழுத்து கிடையாது.
நாங்கள் கத்துவதும் கிசுகிசுப்பதும்
ஒரே உயரம்தான்.
இங்கிலீஷில் மூன்றெழுத்து அடித்தேன்.

விடிய விடிய ஆகுமென்று
ஃபிளாஸ்க்கில் டீ ஊற்றி வைத்திருந்தேன்.
மூடியைத் திருகுவதற்குள் முடிந்துவிட்டது.
மூன்று வருஷம்.

பிறகுதான் ஞாபகம் வந்தது
சோம்பு டப்பா.
ஒரு நாள் யாரோ வீடுவரை பின்னால் வந்தார்கள்;
அன்றைக்குப் பயந்துபோய்
சாவியை நகலெடுத்து
ஒரு பென் டிரைவில் போட்டு, சோம்புக்குள் புதைத்து,
மறந்தும் போனேன்.
இதைச் செருகினால் நாற்பத்தோரு பேரும் வருவார்கள்.
பவுனம்மாவை மட்டும், அந்த இருமலை மட்டும்,
எடுத்துக்கொண்டு மறுபடி மூடிவிடலாமா?
ஒருத்திக்காக மட்டும் திறக்கிற சாவி இல்லை.
திறந்தால் எல்லோரும்.

டீயைக் குடித்து முடித்தேன்.
கட்டிங் பிளேயரில் வைத்து நெரித்தபோது
பச்சைத் தகடு
அப்பளம் மாதிரிகூட சத்தம் போடவில்லை.
கையெல்லாம் சோம்பு வாசனை.

காலையில் கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தான்.
பெட்ரோல் டேங்கர்கள் ஒவ்வொன்றாய் உருண்டன.
ஷேர் ஆட்டோ கம்பியின்மேல்
விரல்கள் அந்த ஏழு வார்த்தையை அடித்துக்கொண்டிருந்தன,
மீன்வரைக்கும், தப்போடு.

'உள்ள பழசு எதுனா கெடக்குதாம்மா?'
'ஒண்ணுமில்லைங்க' என்றேன்.
இருக்கிறது. வெறும் இரைச்சலாக,
எந்த மூலையென்று அதற்கே தெரியாமல்.
அதன்மேல் இனி ஜெனிட்டாவின் பிசிக்ஸ் நோட்ஸ்
கொஞ்சம் கொஞ்சமாய் வந்து உட்காரும்.

பணத்தை இரண்டு தரம் எண்ணினார் பிளாசிட்.
நோட்டில் ஐஸும் கவிச்சியும்.
'பாஸ்வேர்டு போடச் சொல்லுதுப்பா'
என்றாள் அந்தப் பெண்.
நான் ஹார்பர் பக்கம்
திரும்பி நின்றுகொண்டேன்.