ஊர் தெரிந்தவன்

பத்தொன்பது வருடம் நீ வந்துபோன ஊர்.
ரயில் நிலைய வாசலில் பெட்டியை நிறுத்தி
இடதா வலதா என்று நிற்கிறாய்.
நான் வாய் திறக்கவில்லை.
"இடது" என்றாய், யாரோ மதிப்பெண் போடுவதுபோல் நிமிர்ந்து.
வலதுபக்கம்தான் கடல் இருந்தது.

உன் லாரி இங்கே நின்ற இரவுகளில்
கோஷிட்சேயில், அடுப்படிச் சுவரில் சாய்ந்தபடி
போனில் கேட்பேன், "என்ன செய்கிறாய்?"
"த்ரியெஸ்தேயில் இருக்கிறேன்" என்பாய்.
அது பதிலே இல்லை.
ஆனால் அந்தப் பெயரைச் சொல்லும்போது
உன் குரல் சட்டை மாற்றிக்கொள்ளும்.
மிச்ச ஊரை நானே கட்டிக்கொண்டேன்:
ஒரு மாடம், அதில் ஒரு நாற்காலி, கீழே அலை.
ஒருமுறை, காய்ச்சலும் பொறாமையும் சேர்ந்திருந்த இரவில்,
நாற்காலியில் ஒரு பெண்ணையும் உட்காரவைத்தேன்.
அவளுக்குப் பச்சைச் செருப்பு.

மூன்று பக்கம் மாளிகை, நாலாவது பக்கம் தண்ணீர்.
ஒரு சுவரைக் கட்ட மறந்த கூடம் போலச் சதுக்கம்.
"இதுதான்..." என்று தொடங்கினாய்,
பலகையை ஓரக்கண்ணால் படித்து முடித்தாய்.

காபிக் கடையில் நீவெஸ் என்றொருத்தி,
காதுமடலில் பென்சில் செருகியவள்,
உன் இத்தாலியனைக் கேட்டு மேசையைப் பிடித்துக்கொண்டாள்.
டீசல், ரசீது, முத்திரை, நாளை வா.
உனக்குத் தெரிந்த மொழி அவ்வளவுதான்.
"இரண்டு காபி, முத்திரையோடு" என்றிருக்கிறாய்.
அவள் கொண்டுவந்த கண்ணாடிக் குவளைகள்
என் கட்டைவிரல் உயரம்.
ரசீதில் உதட்டுச் சாயத்தால் ஒரு முத்திரையும் இருந்தது.
அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டது நான்தான்.

மேட்டுச் சந்தில் ரோமானிய வளைவு.
ஒரு கால் தரையில். மறு காலை
ஒரு வீட்டின் சுவர் விழுங்கியிருக்கிறது.
இரண்டாயிரம் வருடக் கல்லின் தோளை ஒட்டி
யாரோ வீட்டு ஜன்னல், அதில் காயும் குளியல் துண்டு.
உள்ளே இருப்பவர்களுக்கு
இது வளைவா, வெறும் சுவரா என்று கேட்டேன்.
"ஈரம் கசியும்" என்றாய்.
இன்று நீ சந்தேகமில்லாமல் சொன்ன முதல் வாக்கியம்.

கோட்டைக்கு ஏறும் படியில் முழங்காலைப் பிடித்து உட்கார்ந்தாய்.
மலையிலிருந்து காற்று கட்டவிழ்ந்து இறங்கியது.
என் தொப்பியை எங்கோ கீழே ஒரு ஸ்கூட்டர்காரன் பிடித்தான்,
அதைத் திருப்பிக் கொடுக்க மேலேறி வந்தான்,
நாம் பேசாமல் இருப்பதைப் பார்த்து
படியிலேயே வைத்துவிட்டுப் போனான்.
"ஸ்லாத்கா, நான் இந்த ஊருக்குள் வந்ததே இல்லை."

வேலி. வேலிக்குள் வரிசை.
துருக்கியிலிருந்து கப்பல் வரும்,
இறங்கும் டிரெய்லரைக் கொக்கியில் மாட்டி
வெளிச்சம் வருமுன் மேடேறிவிட வேண்டும்.
பத்தொன்பது வருடமும் அவ்வளவுதான் என்றாய்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.
"எங்கே நின்று எனக்குப் பேசினாய், கெய்ஸா?
அதைக் காட்டு."

கோட்டைக்கு வாங்கிய சீட்டுகள் பையிலேயே கிடக்க,
கடலோரமாக நடந்தோம்.
இப்போது நீ வரைபடத்தைப் பிரிக்கவில்லை.
தண்டவாளம் எங்கே குறுக்கிடும், எங்கே குழி,
எல்லாம் உன் கால்களுக்குத் தெரிந்திருந்தது.
வாசல் காவலர் லிவியோ கூண்டிலிருந்து எட்டிப் பார்த்து
"லாரி எங்கே?" என்றார்.
நீ என்னைக் காட்டினாய். அவர் தொப்பியைக் கழற்றினார்.

காபி இயந்திரம் காசை விழுங்கிக்கொண்டு முறைத்தது.
இடுப்பளவில், வலதுபக்கம், ஒரே தட்டு.
கொட்டியது.
அதற்கும் சுவருக்கும் நடுவே
காற்று நுழையாத இடுக்கு, ஓர் ஆள் அகலம்.
"இங்கே" என்றாய்.

நான் உள்ளே போய் நின்றேன்.
முதுகில் இயந்திரத்தின் வெதுவெதுப்பு.
எதிரே தண்ணீருக்கு அப்பால் சதுக்கத்தின் விளக்குகள்,
ஒரு நாற்காலி போட்டுப் பார்க்கும் தூரத்தில்.

சற்றுத் தள்ளி ஓட்டுநர் ஒருவர்
கேஸ் அடுப்பில் தேநீர் கொதிக்கவைத்தபடி
நமக்கும் இரண்டு குவளை என்று சைகை காட்டினார்.
அவர் காலைப் பார்த்தேன்.
ரப்பர் செருப்பு, பச்சை.

ஏன் சிரிக்கிறாய், ஏன் சிரிக்கிறாய் என்று
விடுதிவரை கேட்டுக்கொண்டே வந்தாய்.