இருபத்தைந்து கிலோமீட்டர் வட்டம்

மஞ்சக்குப்பம் கிளை மாடியில்
ஏசி சொட்டும் பக்கெட்டுக்குப் பக்கத்தில் என் மேசை.
காலியிடம் இரண்டு. வெள்ளிக்கிழமைக்குள் ஆள் வேண்டும்.

லிங்க்ட்இன்னில் ஊரைத் தட்டினேன்: கடலூர்.
சுற்றி இருபத்தைந்து கிலோமீட்டர்.
வட்டத்தில் பாதி வங்கக் கடல்,
அங்கே யாருக்கும் புரொஃபைல் இல்லை.
மீதிப் பாதியில்
நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி, பாகூர்.
எல்லாரும் டை கட்டியிருக்கிறார்கள்.
எல்லாரும் சவால்களை விரும்புகிறவர்கள்.

ஏழாவது முகம் கலியவரதன்.
டை இல்லை. நெற்றியில் ஹெல்மெட் தடம்.
‘2012, வசூல் இலக்கில்
நூற்றுப் பன்னிரண்டு விழுக்காடு.’

அந்த நூற்றுப் பன்னிரண்டில்
அண்ணனின் எக்ஸெல்லும் உண்டு.
தானே புயல் கூரையைக் கொண்டுபோனது,
மூன்றாம் தவணைக்கு இவர் வந்தார்.
பெட்ரோல் இல்லாத வண்டியைத்
தேவனாம்பட்டினத்திலிருந்து தள்ளிக்கொண்டே போனார்.
வளைவில் ஸ்டாண்டு போட்டு
அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.
நான் ரெக்கார்டு நோட்டில்
தவளையின் இதயம் வரைந்துகொண்டிருந்தேன்.

மெசேஜ் தயாராக இருக்கிறது, எல்லாருக்கும் அதே:
‘உங்கள் அனுபவம் எங்களைக் கவர்ந்தது.’
பெயரை மட்டும் மாற்ற வேண்டும்.
மாற்றினேன்.
கவர்ந்தது என்ற சொல்லில் கொஞ்சம் நின்றேன்.
அனுப்பினேன்.

டீ ஆறுவதற்குள் பதில்:
‘நன்றி மேடம். வசூல் மட்டும் வேணாம்.
கவுண்டர் வேலை இருந்தா சொல்லுங்க.
சம்பளம் குறைஞ்சாலும் பரவாயில்ல.’

காலியிடம் இரண்டும் வசூல்தான்.

ஏதோ அடிக்கிறேன், அழிக்கிறேன்.
அவருடைய திரையில்
மூன்று புள்ளிகள்
எழும்பி எழும்பி அடங்கிக்கொண்டிருக்கும்.